லீட்டோவுக்கு இடம் கொடுத்த தீவு

ஃப்ரீமான்ட்டில் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் கிரேக்க நாடகம் போட்டார்கள். அதீனா வேடத்துக்காகக் கையைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்ததுதான் மிச்சம். எனக்கு வாய்த்தவள் லீட்டோ. பேரே கேள்விப்படாத தெய்வம், அதுவும் நிறைமாதக் கர்ப்பிணி. தேவர்களின் ராணி ஹீராவுக்கு அவள்மேல் பொறாமை. எந்த ஊரும் அவளை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிடுவாள். கடைசியில் கடலில் மிதந்து திரியும் டீலோஸ் என்ற குட்டித் தீவு மட்டும் இடம் கொடுக்கும். வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு நான் மேடையேற வேண்டும். மானமே போயிற்று.

அம்மாவுக்கு அப்போது நிஜமாகவே ஏழாம் மாதம். கதையைக் கேட்டவள், "ஒரு ஊர்லகூடவா இடம் குடுக்கல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தன் வளைகாப்பில் மிச்சமான கண்ணாடி வளையல்களை என் கை நிறைய அடுக்கினாள். கிரேக்க தெய்வம் வளையல் போடாது என்றேன். "புள்ளத்தாச்சி வெறுங்கையோட இருப்பாளா? சும்மா போட்டுக்கோ, சூப்பரா இருக்கு."

அந்த வாரம்தான் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. சீக்கிரம் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசா போய்விடும், ஊருக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். பிள்ளை எந்த நாட்டில் பிறக்கும் என்றே தெரியாத நிலை. என்னிடம் யாரும் மூச்சுவிடவில்லை. வேலை நாளில் அப்பாவும் நாடகம் பார்க்க வந்ததில் எனக்கு ஏகப் பெருமை.

மேடையில் ஒவ்வொரு ஊராக வந்து என்னிடம் "நோ" சொல்லிவிட்டுப் போனது. கடைசியில் டீலோஸ். அட்டைத் தீவுக்குள் நின்ற பையனுக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் வசனம் மறந்துவிட்டது. டீச்சர் கிசுகிசுத்தும் பலனில்லை. அவன் விழிக்க, நான் வளையல் குலுங்க நின்றுகொண்டே இருந்தேன்.

முதல் வரிசையில் அம்மா எழுந்துவிட்டாள்.

"புள்ளத்தாச்சிப் பொண்ண இப்படியா வாசல்ல நிக்க வெப்பாங்க? உள்ள வான்னு சொல்லுடா கண்ணா!"

தமிழில், சத்தமாக. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கையைப் பிடித்து இழுத்தும் அவள் உட்காரவில்லை.

பையனுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவின் வயிற்றைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "ப்ளீஸ் கம் இன். யூ கேன் ஸ்டே ஹியர்" என்றான். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அம்மா தேம்பித் தேம்பி அழுதாள்.

அடுத்த மாதமே அப்பாவுக்கு மில்பிடாஸில் வேலை கிடைத்தது. தம்பி ஃப்ரீமான்ட்டிலேயே பிறந்தான். ஆனால் அன்று காரில் வீடு திரும்பும்போது நான் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வசனத்தை அந்தப் பையன் அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டான் என்று எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.