ஓரம் காயும் வரை

துணி காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்ப்பதெல்லாம் வீட்டில் துவைப்பவர்களின் வழக்கம். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் யாரும் கையை நம்புவதில்லை. நாளெல்லாம் வெந்நீரிலும் சோப்பிலும் ஊறிய கைக்கு ஈரமும் தெரியாது, சூடும் தெரியாது. அதனால் துணியின் ஓரத்தைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நடுப்பகுதி எப்போதோ காய்ந்து மொடமொடவென்று இருக்கும். மடித்துத் தைத்த ஓரம்தான் பிடிவாதக்காரன், கடைசிவரை ஈரத்தை விடாது.

இதைத் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் சலவையக்காதான். அது ஆஸ்பத்திரி வைத்த பெயர். வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அவள் அக்கா. பேரன் எடுத்தவர்கள்கூட அப்படிக் கூப்பிடுவதில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. கணவன் கப்பலில் சமையல் வேலை பார்ப்பவன். நோய் பரவித் துறைமுகங்களை மூடியதும் எங்கோ மாட்டிக்கொண்டான். வீட்டில் அவளும், ஏழு வயது மகளும், தையல்மெஷினே கதி என்று கிடக்கும் தங்கையும்தான். இரண்டு அறை, ஒரு பால்கனி, அதில் ஒரு கொடிக்கயிறு.

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. மாலையில் மாடி ஜன்னல்களில் நின்று ஜனங்கள் ஆஸ்பத்திரிக்காரர்களுக்காகக் கைதட்டினார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கைதட்டினால் துணி வெளுக்காது. கட்டிய பைகளில் படுக்கை விரிப்புகள் மாடிகளிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறை. குளித்து, நீலச் சீருடையைக் கொதிநீரில் அலசிக் கொடியில் போடுவாள். மகள் அறைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இது காயறவரைக்கும் அம்மாவத் தொடக்கூடாது. காஞ்சதும் ஓடி வா" என்றாள் முதல் நாள்.

எந்த டாக்டரும் சொன்ன விதி இல்லை அது, அவளே கண்டுபிடித்தது. குழந்தையிடம் 'கொஞ்ச நேரம்' என்றால் எதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும்? கண்ணுக்கு முன்னால் ஏதாவது வேண்டுமே. மகள் கொடிக்குக் கீழேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். "காஞ்சிடுச்சு!" என்று கத்தியபடி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். அந்த நாட்களில் சலவையக்காவை உயிரோடு வைத்திருந்தது அந்த ஓட்டம்தான்.

அப்புறம் கூட வேலைபார்த்த 'வானொலி' போனாள்.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, விரலோடு விரல் தொட ஒருத்தி தன் முனையை மற்றவளிடம் கொடுக்க வேண்டும். பல வருஷமாக எதிர்முனையைப் பிடித்தவள் வானொலி. மூச்சுவிடாமல் பேசுவதால் அந்தப் பெயர். ஒருநாள் முகக்கவசத்துக்குள்ளேயே இருமினாள். "தூசிடி. நீ ஏன் பேயடிச்ச மாதிரி பாக்கற?" என்றாள். அடுத்த வாரம் அவள் மேல்மாடியில் படுத்திருந்தாள். அதற்கடுத்த வாரம் இல்லை. வெந்நீரில் கரையும் அந்தப் பைகளைப் பிரிக்காமல் அப்படியே போட வேண்டும் என்று உத்தரவு. அவள் படுத்த விரிப்பு எது என்று தெரியாமலேயே சலவையக்கா எல்லாவற்றையும் மெஷினில் போட்டாள். எதிர்முனையை மாட்டி மடிப்பதற்கு வானொலி நின்ற பக்கத்துச் சுவரில் ஒரு கொக்கியை அடித்துக் கொடுத்தார்கள்.

அன்று மாலை மகள் ஓடிவந்தபோது பின்னால் நகர்ந்தவள் அம்மாதான். வானொலியின் விரல்களைத் தொட்ட விரல்கள் இவை என்ற பயம்.

"இன்னும் ஓரம் காயல" என்றாள்.

"காஞ்சிடுச்சும்மா. பாத்தேன்."

"சரியா பாக்கல நீ. போய்ப் பாரு."

பொய்தான். மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும். ஒருநாள் எட்டிப் பார்த்தால், மகள் ஸ்டூல்மேல் ஏறி நின்று, பாத்திர மூடியால் சீருடையின் ஓரத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். சருகாகக் காய்ந்த துணி அது. தன் கன்னத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டது குழந்தை. சலவையக்கா பால்கனி வாசல்வரை வந்தாள். ஆனாலும் அவள் போய் அணைக்கவில்லை.

மாதங்கள் கழித்து நோய் அடங்கியது. கடைகள் திறந்தன, கணவனும் அடுத்த மாதம் வருவதாகப் பேசினான். சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் எல்லாரையும் கூட்டி, "இனிமே எத வச்சுக்கலாம், எத விட்டுடலாம்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும் என்றாள் ஒருத்தி. முகக்கவசம் இருக்கட்டும், சவரம் செய்யாத தன் முகத்தை மறைக்க வசதி என்றார் இஸ்திரிக்காரர். சிரிப்பு அடங்கியதும் மேற்பார்வையாளர் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்கக்கா?"

"அந்தக் கொக்கியக் கழட்டிடுங்க சார். எதிர்ல ஆள் வேணும்."

ஆள் வந்தாள், புதியவள், பயந்த சுபாவம். முதல் விரிப்பை உதறி எதிரெதிரே நடந்து வந்தார்கள். விரல்கள் பட்டன. சலவையக்கா சட்டென்று கையை இழுத்துக்கொள்ள, விரிப்பு தரையில் விழுந்தது. "என்மேல எதாவது தப்பாக்கா?" என்றாள் புதியவள். அவள் முகத்தைப் பார்த்ததும் சலவையக்காவுக்குப் பாத்திர மூடி ஞாபகம் வந்தது.

வீட்டில் தங்கை மெஷினிலிருந்து தலைதூக்காமல் சொன்னாள்: "அக்கா, காஞ்சிடுச்சான்னு பாக்கறதையே உன் பொண்ணு விட்டுட்டா. கவனிச்சியா?"

கவனித்திருந்தாள். மகள் அறைக்குள் படம் வரைந்துகொண்டிருந்தாள். சலவையக்கா துணி காயும்வரை காத்திருந்து, பிறகு கொடியிலிருந்த சீருடையை எடுத்து ஓரத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அறைவாசலில் போய் நீட்டினாள்.

"வா கண்ணு, காஞ்சிடுச்சான்னு பாத்துச் சொல்லு."

மகள் எழுந்திருக்கவில்லை. "எனக்குச் சரியா பாக்கத் தெரியாதும்மா."

சலவையக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உனக்குத்தான்டி தெரிஞ்சுது. தினமும் சரியா சொன்ன. அம்மாதான் பொய் சொன்னேன். பயந்துட்டேன்."

மகள் பென்சிலை வைத்துவிட்டு வந்து, துணியை வாங்கி ஓரத்தைக் கன்னத்தில் வைத்தாள். "காஞ்சிருக்கு" என்றாள். அதோடு நிற்கவில்லை. குனிந்து தன் கன்னத்தை அம்மாவின் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது இன்னும் ஈரமா இருக்கும்மா" என்றாள். ஆனால் கன்னத்தை எடுக்கவில்லை.