பட்டை போடாத வெந்நீர்

எங்கள் வீட்டு வெந்நீருக்கு வலியசாலையில் தனி மரியாதை. பதிமுக மரப்பட்டை போட்டுக் காய்ச்சினால் மற்ற வீடுகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். எங்கள் வீட்டில் நாவல்பழச் சாறு மாதிரி. சாலைக் கடைத்தெருவில் வாங்கிய பட்டை அசல் சரக்கு என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். தண்ணீரை மலையாளத்தில் 'வெள்ளம்' என்றே கேட்கும் மூன்று வயதுப் பேத்தி வேறு தண்ணீரைத் தொடமாட்டாள்.

சோகை என்று டாக்டர் அவளுக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். சில வாரங்களாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தண்ணீரில் ஏதாவது இருக்குமோ என்றாள் மருமகள். யாரிடம்? குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் ஓய்வு பெற்றவனிடம், மாதிரி எடுக்க ஊருக்கே வகுப்பெடுத்தவனிடம். குழாய் வாயைத் துடைத்து, தண்ணீரைத் தாராளமாக ஓடவிட்டு, அப்புறம் புட்டியில் பிடித்து அனுப்பினேன். முடிவு பிரமாதமாக வந்தது.

ஒரு காலை மருமகள் கண்ணாடித் தம்ளரோடு வந்து நின்றாள்.

"பட்டை தீந்துபோச்சுப்பா. வெறும் வெந்நீர்தான் வெச்சேன்."

"குடுக்க வேண்டியதுதானே?"

"இதையா?"

தம்ளரில் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் தண்ணீர். அடியில் செம்மண் போல வண்டல்.

"எந்தத் தண்ணிம்மா இது?"

"காலம்பற குழாயைத் திறந்ததும் மொதல்ல வர்றதுதான். எச்சப் பாத்திரம் தேய்க்கறதுக்கு முன்னாடி, சுத்தமா இருக்கட்டுமேன்னு தெனம் அதைத்தான் கொழந்தைக்குப் பிடிக்கறேன்."

தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ராத்திரி முழுக்கப் பழைய இரும்புக் குழாயில் ஊறிய தண்ணீர். வரும்போது தெளிவாகத்தான் வரும். காய்ச்சினால்தான் துரு தெரியும். இரும்பு பட்டால் பதிமுகம் கறுக்கும் என்பதும் நான் படித்ததுதான். ஓடட்டும் என்று நான் விட்ட தண்ணீரைத்தான் என் பேத்தி குடித்திருக்கிறாள். அவள் குடிக்காத தண்ணீருக்கு நான் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன்.

"அப்பா பாஸ் பண்ணின தண்ணியாச்சே, ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ" என்றான் மகன்.

உடம்பில் இரும்பு மிஞ்சியிருக்குமோ என்று டாக்டர் சொட்டு மருந்தை உடனே நிறுத்தச் சொல்லி, ரத்தம் எடுக்க அனுப்பினார். பிளம்பருக்குச் சொல்லியாயிற்று. அதுவரை குழாயை ஓடவிட்டுப் பிடித்த தண்ணீரில் புதுப் பட்டை போட்டுக் காய்ச்சுகிறோம். அழகான இளஞ்சிவப்பு.

பேத்தி தம்ளரைத் தள்ளிவிட்டாள். "இது நம்ம வெள்ளம் இல்லை தாத்தா. கறுத்த வெள்ளம் வேணும்."

ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்குத்தான் வரும்.