கடலூர் மைதானத்தில் அரை கிலோ

2008, மாசி மாதம். விடியற்காலை ஐந்து மணிக்குச் சிதம்பரம் பஸ் நிலையத்தில் கடலூர் வண்டி ஏறினோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினான்கு ரூபாய். கூட வந்தவன் செந்தில், என் மனைவியின் தம்பி. ராணுவக் கால்பந்து அணிக்கு அன்று ஆள் எடுக்கிறார்கள். அடுத்த மாதம் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. அவன் காலிலிருந்து பந்தைப் பிடுங்க எங்கள் ஊரில் ஆளில்லை. ஆனால் ஐம்பது கிலோ எடை வேண்டும். அவன் நாற்பத்தொன்பதுதான்.

ஆறரைக்குக் கடலூர். ராணுவத்தில் சேர மூன்று முறை போய் மூன்று முறையும் திரும்பியவன் நான், எனவே அனுபவஸ்தன். எடை குறைந்தவர்கள் வாழைப்பழத்தைத் தின்று, தண்ணீரைக் குடித்துவிட்டு மிஷினில் ஏறுவது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ் நிலைய வாசலில் ஒரு டஜன் பூவன் பழம் வாங்கினேன், பதினைந்து ரூபாய்.

"போதும் மாமா, வயிறு வெடிச்சிரும்."

"துன்னு மச்சான். மொதல்ல எடதான் பாப்பாங்க."

மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஹவில்தார் விசில் ஊதினார். விளையாட்டுக்காரர்களுக்கு முதலில் ஆட்டமாம், எடை பிறகாம். எனக்குப் பகீரென்றது.

எட்டு மணிக்கு ஆட்டம். செந்தில் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன்போல் ஓடினான். பத்தாவது நிமிடம் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். நான் செய்த பாவம். பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். கைதட்டல் கேட்டுத்தான் மறுபடி பார்த்தேன். பந்து வலைக்குள் கிடந்தது. ஆட்டம் முடிவதற்குள் இன்னொன்றும் போட்டான்.

பதினோரு மணிக்கு எடை. நாற்பத்தொன்பதரை.

ஹவில்தார் எங்கள் மாவட்டம்தான், திட்டக்குடிக்காரர். "ஆட்டம் சூப்பர் தம்பி. அர கிலோ கம்மி. நாலு மணி வரைக்கும் மிஷின் இங்கதான் இருக்கும்" என்றார்.

"என்னாலதான் மச்சான்" என்றேன்.

"அத்த அப்பறம் பேசலாம் மாமா. இன்னொரு டஜன் வாங்கியாங்க."

பழத்தைப் பார்த்தாலே குமட்டியது அவனுக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக விழுங்கினான். மூன்றே முக்காலுக்கு மிஷினில் ஏறினான். முள் ஆடியது, ஐம்பதில் நின்றது. ஹவில்தார் அவன் பெயரை எழுதிக்கொண்டார்.

ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினோம். செந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். இதே பாதையில் மூன்று முறை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறேன். வெள்ளாற்றுப் பாலம் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.