கயிறு இழுப்பது யார்

கோரலி நோஸ்கியை எந்த வீட்டு விருந்துக்கும் நம்பி அழைக்க முடியாது. தட்டில் கறியை வாங்கிக்கொண்டு உட்காருவார். பேச்சின் நடுவிலேயே காது வேறெங்கோ போய்விடும். வீட்டுக்குப் பின்னால், மழைத் தொட்டியருகே, குழாயைத் திறந்தால் மட்டும் ஓடவேண்டிய மோட்டார் தானாக ஓடி நிற்கும். மறுபடி ஓடி நிற்கும். யாரும் குழாயைத் திறந்திருக்க மாட்டார்கள். "உங்க வீட்ல எங்கயோ ஒழுகுது" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஒருமுறை ஒரு அடக்கச் சடங்கில், ஜெபத்தின் நடுவே நழுவி, தேவாலயத்துக்குப் பின்புறம் போனார். நின்றுபோன மோட்டாரின் ஸ்விட்சைத் திறந்து, உள்ளே நசுங்கிக் கிடந்த பல்லியை எடுத்துப் போட்டார். திரும்பி வந்தபோது பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிரீஸ் கையாலேயே ஒரு பிடி மண் போட்டார். யாரும் தப்பாக நினைக்கவில்லை. அந்தப் பல்லி போனதால்தான் அன்று எல்லோருக்கும் டீ கிடைத்தது.

எங்கள் வில்காராவில் குடிப்பது, குளிப்பது எல்லாம் கூரையில் விழுந்து தொட்டியில் சேர்ந்த மழைத் தண்ணீர். அதைக் குழாய்க்குக் கொண்டுவருவது மோட்டார். மோட்டார் நின்றால் வீடு நின்றது. நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் பம்ப் கடையை முதலில் தொடங்கியவர் கோரலியின் கணவர் நெவில். இரண்டு வாரம் மீன் பிடித்துவிட்டு வருகிறேன் என்று வடக்கே போனவர், பல வருடங்களாக வரவில்லை. "பெரிய மீனா மாட்டியிருக்கும்" என்பார் கோரலி. அவர் விட்டுப்போன பம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, சேர்க்கத் தெரியாமல் அழுது, பிறகு சேர்த்து, அப்படித்தான் தொழில் கற்றார்.

பம்ப் வாங்க வருகிறவர்களிடம் கோரலி நான்கு கேள்விகள் கேட்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு உயரம் ஏற வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை குழாய் திறப்பீர்கள் என்பவை முதல் மூன்று. நான்காவது கேள்வி அந்த ஜனவரிக்குப் பிறகு வந்தது.

அந்த ஜனவரிக் கோடையில் ஒரு புதன்கிழமை, விக்டோரியாவிலிருந்து வந்த ஒரு தம்பதியின் கேரவனுக்கு அடியில் கோரலி படுத்திருந்தார்.

"பழைய பம்ப்ல தண்ணி மெதுவா வந்துச்சு. அதான் பெரிய பம்பா போட்டேன்" என்றார் கணவர்.

"உங்க பைப்பு நூல் மாதிரி இருக்கு. அதுக்குள்ள யானைய விட்டிருக்கீங்க. ஜாயின்ட் பூரா பிச்சுக்கிட்டுக் கிடக்கு. முதல்ல வடிகட்டியத் திறந்து பாத்தீங்களா?"

"வடிகட்டி இருக்கா?"

கோரலி அதைக் கழற்றி நீட்டினார். பாசியும் மணலும் அப்பிக் கிடந்தது. "உங்க பழைய பம்ப் நல்ல பம்ப். பாவம், மூக்க அடைச்சுட்டு மூச்சு விடுன்னு சொல்லியிருக்கீங்க."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் மனைவி.

"நீ கலர் நல்லால்லன்னுதான் சொன்ன."

கடைக்குள் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மிக மோசமான தீ அபாய நாள். கொதிக்கும் வடக்குக் காற்று. காற்றில் கம்பி அறுந்து பொறி பறக்காமலிருக்க, மலைப் பக்கத்துப் பண்ணைகளுக்கும் வில்காராவுக்கும் மின்சாரம் முன்கூட்டியே நிறுத்தப்படலாம்.

கோரலியின் கை நின்றது. "ஷிர்மர்" என்றார்.

"யாரு?" என்று கேட்டார் விக்டோரியாக்காரர். கோரலி ஏற்கெனவே போனருகே நின்றிருந்தார்.

ஆஸ்கர் ஷிர்மரும் அவர் மனைவி எல்வாவும் மலையடிவாரத்தில் கோதுமையும் ஆடும் வைத்திருப்பவர்கள். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் கூரை முழுக்கத் தண்ணீர் தெளிப்பான் உண்டு. தீ வந்தால் கூரையை நனைத்துக்கொண்டு வீட்டோடு நிற்பது என்பது ஆஸ்கரின் முடிவு. பல வருடமாக அதற்கு ஒரு பெட்ரோல் எஞ்சின் பம்ப் வைத்திருந்தார். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. போன குளிர்காலத்தில் அவர் தோளில் ஆபரேஷன் நடந்தது, இழுக்க முடியவில்லை. கோரலிதான் போய் எஞ்சினை எடுத்துவிட்டு மின் மோட்டார் மாட்டிக்கொடுத்தார். "பட்டனைத் தட்டினா போதும்" என்று சொன்னதும் அவர்தான்.

"ஆஸ்கர், வெள்ளிக்கிழமை கரண்ட் நிறுத்தப்போறாங்க."

"போன வருஷமும்தான் சொன்னாங்க. நிறுத்துனாங்களா?"

"கூரைக்குத் தண்ணி எதுல அடிப்பீங்க?"

"நீ போட்டுக் கொடுத்த மோட்டார்லதான். ஞாயித்துக்கிழமை தவறாம தட்டிப் பாக்குறேன். மழை மாதிரி கொட்டுது. தங்கமான மோட்டார், கோரலி."

"கரண்ட் இருக்கறப்ப கொட்டும்!"

"அதான் இருக்கே."

"பேசாம ஊருக்கு வந்துடுங்களேன்."

"எதுக்கு? மோட்டார்தான் இருக்குல்ல" என்று போனை வைத்துவிட்டார்.

அதுதான் கோரலியைக் குத்தியது. அந்த இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் நிற்கப்போவதே, அவர் மாட்டிய மோட்டாரை நம்பித்தான்.

பழைய எஞ்சின் பம்ப் கடையின் மூலையில், கம்பளிச் சாக்குக்கு அடியில் கிடந்தது. எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்த ஒரு விஷயம், பெட்ரோலை வடிக்காமல் பம்பை மூலையில் போடாதீர்கள் என்பது. மூடியைத் திறந்தார். உள்ளே பெட்ரோல் பிசினாகிவிட்டிருந்தது. தன்னையே திட்டிக்கொண்டு கார்புரேட்டரைப் பிரித்தார். விக்டோரியாத் தம்பதி தாங்களே வடிகட்டியைக் கழுவி மாட்டிக்கொண்டு கிளம்பியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. துளைகளை மெல்லிய கம்பியால் குத்தினார், பெட்ரோல் குழாயை மாற்றினார், புது பிளக் போட்டார், கயிற்றை இழுத்தார், இழுத்தார், இழுத்தார். சாயங்காலம் அது கத்திக்கொண்டு எழுந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஓடுகிறது, சரி. யார் இழுப்பது? ஷிர்மர் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணை கார்த் வருவானா என்று போனில் கேட்டார். அவன் தீயணைப்புத் தொண்டர்களோடு போகவேண்டியவன். கடைசியில், நாமே போய் அங்கே நின்று இழுப்போம் என்று முடிவு செய்தார்.

வியாழக்கிழமை தன் சிறிய சரக்கு வண்டியான யூட்டின் பின்பக்கத் தட்டில் எஞ்சின் பம்பைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மண் ரோட்டில் பாதி தூரம் போனதும் பானெட்டுக்குள் ஏதோ கிறீச்சிட்டது. சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. நிறுத்தித் திறந்தால், ரேடியேட்டர் தண்ணீரைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பின் தண்டு ஆடிக்கொண்டிருந்தது. அடியில் ரோஸ் நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அந்தச் சொட்டை அவர் கடைத் தரையில் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். பார்த்தும் ஒரு பழைய துணியைப் போட்டு மூடியிருந்தார். "சொட்டு தெரிஞ்ச அன்னைக்கே மாத்துங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர். புது வாட்டர் பம்ப், அட்டைப் பெட்டியில், பக்கத்து சீட்டில் மாதக்கணக்காக அவரோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

அங்கே போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. பண்ணைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வண்டியில் வைத்திருக்கும் இருவழி ரேடியோவில் ஷிர்மர் வீட்டைக் கூப்பிட்டார்.

"ஆஸ்கர்? எல்வா? யாராவது இருக்கீங்களா?"

"அவர் தூங்குறார்" என்றது எல்வாவின் குரல். "யார் செத்தா?"

"என் வண்டி."

பழைய லாரியில் சங்கிலியோடு வந்து இறங்கினார் எல்வா. குள்ளமான, காய்ந்த உடம்பு. தலைச்சன் ஆடுகள் ஈன முடியாமல் தவித்தால் கைவிட்டுக் குட்டியை இழுத்து எடுப்பவர் அவர்தான். சங்கிலியை மாட்டக் குனிந்தவர், தட்டில் இருந்த பம்பைப் பார்த்து நிமிர்ந்தார்.

"அந்தக் கழுதைய எதுக்குத் திரும்பக் கொண்டுவர்ற?"

கோரலி மூச்சுவிடாமல் எல்லாம் சொன்னார். நாளை மின்சாரம் இருக்காது. மோட்டார் ஓடாது. கூரை நனையாது. ஆஸ்கர் கேட்க மாட்டேனென்கிறார். "அதனால நாளைக்கு நானே வந்து நின்னு இழுக்கறேன்."

"நீயா? உன் வண்டியையே இழுக்க ஆள் வேண்டியிருக்கு."

"வேற யாரு இழுப்பா? ஆஸ்கர் தோள்தான்..."

"அது அவர் தோளு. என் தோளுக்கு என்ன?"

கோரலி எல்வாவின் தோளைப் பார்த்தார்.

"மோட்டார் மாட்டுன அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் தொட்டிகிட்ட நின்னு அவர் தோளப் பத்தியே பேசுனீங்க" என்றார் எல்வா. "எந்தப் பக்கம் தூக்கலாம், எந்தப் பக்கம் தூக்கக்கூடாது. நான் டீ கொண்டாந்து கொடுத்தேன். நல்ல டீன்னு சொன்ன. ஞாபகம் இருக்கா?"

"உங்களால இழுக்க முடியுமான்னு நான் கேக்கவே இல்ல."

"நீயும் கேக்கல, அவரும் கேக்கல. நடு ரோட்ல நின்னு மூஞ்சியத் தொங்கப் போடாத. ஸ்டியரிங்கப் பிடி."

முற்றத்தில் ஆஸ்கர் தூக்கக் கலக்கத்தோடு நின்றார். கோரலி பம்பை இறக்கித் தொட்டியோடு இணைத்தார். எல்வா கயிற்றைப் பிடித்தார்.

"விடு எல்வா. கை கழண்டுடும்."

"தள்ளி நில்லுங்க."

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. ஆஸ்கர் ஏதோ சொல்ல வந்தார். "சோக்க இழுங்க" என்று மட்டும் சொன்னார் கோரலி. எல்வா சோக்கை இழுத்து, காலை எஞ்சின் மேல் ஊன்றி, ஆட்டுக்குட்டியை இழுப்பதுபோல நீளமாக, நிதானமாக இழுத்தார். எஞ்சின் கத்தியது. நாய் லாரிக்கடியில் ஓடியது. கூரையிலிருந்து தண்ணீர் தகரத்தில் வழிந்து இறங்கியது. ஆஸ்கர் வாயசைத்தது யாருக்கும் கேட்கவில்லை.

எல்வா எஞ்சினை நிறுத்தினார். "நாளைக்குக் காலைல ஊருக்குப் போறோம்."

"பம்ப்தான் வந்துடுச்சே! இனி எதுக்குப் போகணும்?"

"ஸ்டார்ட் பண்றவ நான். நான் ஊர்ல இருப்பேன். நீங்க வேணும்னா இருந்து பட்டனத் தட்டிக்கிட்டு இருங்க."

ஆஸ்கர் கோரலியைப் பார்த்தார். கோரலி அவசரமாகத் தன் வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அன்று வெயில் சாயும்வரை அங்கேயே புது வாட்டர் பம்பை மாட்டினார். ஆஸ்கர் நல்ல கையால் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தபடி இருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் எல்வா கூரையையும் முற்றத்தையும் ஊற ஊற நனைத்தார். எஞ்சினில் பெட்ரோலை நிரப்பி, பக்கத்தில் ஒரு கேனும் வைத்தார். ஒரு பலகையில் பெயின்டால் எழுதி வாசல் கேட்டில் கட்டினார். பிறகு நாய், ஆஸ்கர், மேலே இனிப்புத் தூள் தூவிச் சுட்ட ஒரு தட்டு ஸ்ட்ரோய்செல் கேக் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கோரலியின் கடைக்கு வந்து சேர்ந்தார்.

நண்பகலுக்கு முன்பே மின்சாரம் போனது. ஊரில் எத்தனை மோட்டார்கள் எப்போதும் முனகிக்கொண்டிருந்தன என்பது அவை ஒன்றாக நின்றபோதுதான் தெரிந்தது. காற்றுச் சத்தம் மட்டும். கோரலியால் அதைத் தாங்க முடியவில்லை. கடைக்குள் நடந்தார். துடைத்த பம்பையே துடைத்தார். வாசலுக்குப் போய் வடக்கே பார்த்தார், திரும்பி வந்தார்.

"உக்காரு. உன்னப் பாத்து நாய்க்கு மயக்கம் வருது" என்றார் எல்வா.

பிற்பகலில் மலைக்குப் பின்னால் புகை எழுந்தது. முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு. பேட்டரி ரேடியோ சொன்ன ரோட்டின் பெயர் அவர்களுடையது. ஆஸ்கர் எழுந்து தொப்பியை எடுத்தார். எல்வா லாரிச் சாவியை எடுத்துத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். ஆஸ்கர் நின்றார். பிறகு வாசலிலேயே, புகையைப் பார்த்தபடி, ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். கேக்கை யாரும் தொடவில்லை.

சாயங்காலம் காற்று தென்மேற்குக்குத் திரும்பியது, ஊர் குளிர்ந்தது. அதன்பிறகும் செய்தி வரவில்லை. இருட்டுவதற்குச் சற்று முன் ஒரு யூட் வந்து நின்றது. இறங்கியவன் கார்த். கரி அப்பிய முகத்தில் கண் மட்டும் தெரிந்தது.

"கம்பளி வெட்டுற கொட்டகை போச்சு ஆஸ்கர். வேலி பூராவும் போச்சு."

ஆஸ்கர் தலையசைத்தார். 

"வீடு?" என்றார் கோரலி.

"வீடு நிக்குது. எங்க தீயணைப்பு வண்டித் தொட்டி காலி. எங்க பம்பும் அடைச்சுக்கிச்சு. திரும்பிடலாம்னுதான் வந்தோம். கேட்ல பலகையப் பாத்தோம்." அவன் எல்வாவின் பக்கம் திரும்பினான். "‘தண்ணி இருக்கு. சோக்க இழு. ரெண்டாவது இழுப்புல வரும்.’ நீங்க எழுதுனதா?"

"ஆமா."

"மூணாவதுலதான் வந்துச்சு."

"உனக்கு" என்றார் எல்வா.

ஆஸ்கர் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா என்னவென்று தெரியவில்லை; தோள் குலுங்கியது, வலிக்கிற தோளும்தான். எல்வா கேக்கை வெட்டி முதல் துண்டைக் கார்த்தின் கரிக்கையில் வைத்தார்.

அப்போது மின்சாரம் வந்து விளக்கு எரிந்தது. தெரு நெடுக மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனகத் தொடங்கின. தன் துண்டை வாய்க்குக் கொண்டுபோன கோரலியின் கை பாதியில் நின்றது.

"யார் வீட்லயோ ஒழுகுது" என்று கேக்கைக் கீழே வைத்துவிட்டு ஸ்பானரைத் தேடினார்.