லாரிக் காற்று பிடித்த மலைச் சைக்கிள்

"ஒரு மேடு உண்டாங்க இந்த ஊர்ல? தோசக்கல்லு மாதிரி கெடக்கு. நான் வண்டிய எங்க கொண்டு போயி ஓட்டிப் பாக்குறது?"

காஜா நஜ்முதீன் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே இதைச் சொல்லிவிடுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் ஷட்டரிடமே சொல்வார். காரைக்காலில் மலைச் சைக்கிளின் பின் ஷாக்கை, அதாவது சீட்டுக்கடியில் அதிர்வைத் தாங்கும் காற்றடைத்த தண்டை, பிரித்துச் சரிபண்ணத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதையும் அவரே சொல்லிவிடுவார். துபாய் சைக்கிள் கடையில் இருந்தபோது, வண்டியை மலையில் ஓட்டிப் பார்த்துத்தான் ஆளிடம் கொடுப்பாராம். ஊர் திரும்பிக் கடை போட்ட பிறகுதான் இங்கே மலை இல்லாதது உறைத்தது.

அவர் மனைவி சஃபியா விடமாட்டார். "வரப்ப சாக்லேட்டு, தைலம், கம்பளின்னு எல்லாத்தயும் கட்டிக்கிட்டு வந்தீங்க. ஒரு மலையயும் பெட்டில போட்டுருக்கக் கூடாதா?"

மலைக்குப் பதில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். கீழவாஞ்சூர் போகும் வழியில் நிலக்கரி லாரிகள் ஒதுங்கி நிற்கும் மண் தடம். மழையில் டயர் அழுத்திய பள்ளமெல்லாம் வெயிலில் செங்கல்லாக இறுகிக் கிடக்கும். "மலைதான். தலகீழா வச்சிருக்காங்க, அவ்ளோதான்" என்பார்.

கீர்த்திகா அவரிடம் வந்தது, அந்தத் தடத்தில் சோதித்த வண்டி வேண்டும் என்றுதான். திருநள்ளாற்றுப் பக்கத்து விவசாயி சண்முகசுந்தரத்தின் மகள், வங்கியில் வேலை. போன வருடம் கொல்லிமலைப் பந்தயத்தில் இறக்கத்தில் சீட்டு உதைத்துத் தூக்கியெறிந்து, காறை எலும்பு உடைந்தது. இந்த வருடமும் விழுந்தால் வண்டியை எடைக்குப் போட்டுவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிறவர்.

"ஹெல்மட்டு, தண்ணி, முதுகுப் பை, எல்லாத்தோடயும் ஏறும்மா. பந்தயத்துல என்ன கனமோ அதே கனம் இங்க உக்காரணும்" என்றார் நஜ்முதீன். ஷாக்கின் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அவள் ஏறி உட்கார, ஷாக் அமுங்கி வளையத்தைத் தள்ளிவிட்டது. கால்வாசித் தூரம் தள்ளும்வரை காற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்.

மகளோடு வந்திருந்த சண்முகசுந்தரத்துக்கு அந்த அமுங்கல் பிடிக்கவில்லை. "ஏன் பாய், இவளே ஒல்லிப்பிச்சான். இவ உக்காந்ததுக்கே பொசுக்குனு எறங்குது. கல்லுல வுட்டா என்னாவும்?"

"எறங்கணுங்க அய்யா. அப்பத்தான் பள்ளத்துல சக்கரம் தரைய வுடாம புடிச்சிக்கிட்டுப் போவும்."

சண்முகசுந்தரம் தலையாட்டினார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் பேசும்போது ஆட்டுவாரே, அந்த ஆட்டல்.

வண்டி அவர்கள் வீட்டுக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மூவரும் லாரித் தடத்துக்குப் போனார்கள். கீர்த்திகா முதல் பள்ளத்தைத் தாண்டினாள். இரண்டாவதில் சீட்டு அவளை அப்படியே மேலே உதைத்தது. எப்படியோ காலை ஊன்றி நின்றாள்.

"அண்ணே, போன வருசம் இப்புடித்தான் தூக்கிப் போட்டுச்சு."

நஜ்முதீன், ஷாக் திரும்பி எழும் வேகத்தைக் குறைக்கும் திருகை இரண்டு சொடுக்கு திருகினார். மறுபடியும் அதே உதை. பிறகுதான் குனிந்து பார்த்தார். அவள் ஏறி ஓட்டியும் வளையம் துளிகூடத் தள்ளப்படாமல் அடியிலேயே இருந்தது. சீட்டை உள்ளங்கையால் அழுத்தினால் கருங்கல். வால்வு மூடியில் கறுப்பாக ஒரு விரல் ரேகை.

"அய்யா, எந்தக் கடையில காத்து புடிச்சீங்க?"

"காத்தா? நானா?"

"நெலக்கரிக் கையிங்க இது. உங்க வயல்ல நெல்லு வெளையுதா, நெலக்கரி வெளையுதா?"

சண்முகசுந்தரம் நின்றிருந்த லாரி ஒன்றை வெகு அக்கறையாகப் பார்த்தார். "ரோட்டோரத்து லாரி டயர் கடையிலதான். பத்து டன்னத் தூக்குற காத்து, எம் பொண்ணத் தூக்காதான்னு..."

"தூக்குச்சே. பாத்தீங்கல்ல."

"அப்பா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல" என்றாள் கீர்த்திகா.

"ஏறுங்க" என்றார் நஜ்முதீன். கீர்த்திகாவையல்ல, அப்பாவை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். நஜ்முதீன் சின்ன மீட்டர் வைத்த பம்பைத் திருகி, புஸ்ஸென்று காற்றை இறக்கி, அவர் கனத்துக்கு வளையம் பார்த்து, "இப்ப போங்க" என்றார். போனார், வந்தார். யாரும் சொல்லாமலே இன்னொரு முறையும் போனார்.

"நம்ம டிராக்டர் சீட்டு மாதிரில்ல இருக்கு."

"அதுவும் உக்காந்தா எறங்குதுல்ல? அதுக்கு என்னக்காவது லாரிக் காத்து புடிச்சீங்களா?"

பிறகு மகளின் கனத்துக்கு மறுபடி எல்லாம் வைத்து, வால்வின்மேல் டேப்பைச் சுற்றி, தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார்.

கொல்லிமலையிலிருந்து கீர்த்திகா ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் வந்தாள். பந்தயத்தில் நடுவாந்திர இடம்தான். ஆனால் இறக்கம் முழுக்க சீட்டிலிருந்து ஒரு உதைகூட இல்லை. டேப் பிரியாமல் இருந்தது. சண்முகசுந்தரம் அன்னாசிப்பழப் பையோடு கடைக்கு வந்தார். "அடுத்த வருசம் நீங்களும் வாங்க பாய். அங்க எங்க திரும்புனாலும் மேடு. ஆச தீரப் பாத்துட்டா, ஷட்டராவது நிம்மதியாத் தொறக்கும்" என்றார்.

நஜ்முதீன் பழத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடு வச்சிருக்கிறவன் மேட்ட வச்சுக்கட்டுங்க அய்யா, எனக்கு எதுக்கு? வண்டி தாங்குமா தாங்காதான்னு தெரியணும்னா அந்த மலைக்காரனும் நம்ம லாரித் தடத்துக்குத்தான் வந்தாவணும். வரச் சொல்லுங்க. ஆனா, காத்து நாந்தான் புடிப்பேன்."