திரைக்கு அந்தப் பக்கம்

எனக்கு வயசு எழுபத்திரண்டு. என் பிள்ளைகளும் கொழுந்தன் பிள்ளைகளுமாக ஒன்பது பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன்.

நாட்டின் முதல் ஓட்டுக்குப் பேர் எழுத ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். பொம்பளை தன் பேரை அந்நிய ஆளிடம் சொல்வது எங்களில் வழக்கமில்லை. "கருப்பையா ஆத்தான்னு எழுதிக்கங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அது பேராகாது என்று பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அது தெரியாமல், ஓட்டுச் சாவடி இருந்த அரிமளம் வரை நடந்துபோய், ஓட்டுப் போடாமல் திரும்பினேன்.

தன் பேரைச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக் காளியம்மாள் மட்டும் ஓட்டுப் போடத் திரைக்கு உள்ளே போய்வந்தாள்.

"திரைக்கு அங்கிட்டு என்னடி இருக்கு?"

"சொல்லக்கூடாதாம்க்கா" என்று சிரித்தாள்.

அஞ்சு வருசம் எனக்கு அதே நினைப்புதான்.

மறுபடி பேர் எழுத வந்தபோது மகன் கருப்பையா, "ஆத்தாவுக்கு வயசாச்சு, விட்ருங்க" என்றான்.

"எனக்குத்தாண்டா வயசாச்சு, என் பேருக்கு ஆகலை. வெள்ளையம்மாள்னு எழுதுங்க" என்றேன். வாய்விட்டு என் பேரை நான் சொல்லி அவன் கேட்டது அன்றைக்குத்தான்.

திரைக்கு அங்கிட்டு ஒன்றுமில்லை, சின்னத்துக்கு ஒன்றாக வெறும் பெட்டிகள். இதில் போடு என்று சொல்ல ஆளும் இல்லை. வீட்டில் அப்படி ஒரு இடம் எனக்கு வாய்த்ததே கிடையாது. நிதானமாக நின்று, பார்த்துப் போட்டேன். எதில் என்று கருப்பையா இன்னும் கேட்கிறான். சொல்லவில்லை.

பேத்தி பொன்னி, இது நானே எழுதினது, எழுத்துக் கோணலாக இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுடி. என் பேர் வரும் இடத்தை மட்டும் சத்தமாகப் படி.