சிவப்புக் காரும் நீலப் போர்வையும்

நான்கு வயதில் என் மகள் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்வாள். ஒருநாள் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் என் நாத்தனார் வீட்டிலிருந்து கிளம்பும்போது, அவர் மகனின் சிவப்புப் பொம்மைக் கார் இவள் பையில் இருந்தது.

"போலீஸ் பிடிச்சிட்டுப் போகும்னு சொல்லு லா. இப்ப பயம் காட்டலைன்னா பெரிய திருடியா வருவா," என்றார் நாத்தனார்.

என் பிள்ளையை அப்படிச் சொல்ல யாரையும் நான் விடுவதாக இல்லை. குனிந்து அவளிடம், "இது யாருது?" என்று கேட்டேன்.

"அண்ணாது."

"அப்ப அண்ணாகிட்டயே குடுத்துடு."

உதடு துடிக்க நடந்துபோய்க் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு விளையாடப் போய்விட்டான். எனக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. நாத்தனாருக்கு முடியவில்லை. சோபாவில் சாய்ந்து, காலில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "திருட்டுப் புத்தி லேசில போகாது," என்றார்.

அந்த நீலப் போர்வையின் மூலையில் விமான நிறுவனத்தின் முத்திரை இருந்தது. அவருடைய போன விடுமுறைப் பயணத்தில், விமானத்தில் குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தது.

நான் அதன் நுனியைப் பிடித்து மடிக்க ஆரம்பித்தேன்.

"இதையும் சாங்கி ஏர்போர்ட்ல திருப்பிக் குடுத்துடலாம், அண்ணி. பாப்பாவுக்கு இப்ப பழகிடுச்சு. அவளே கொண்டுபோய்க் குடுப்பா."